ஆபீஸுக்கு ஒரே சிஸ்டம் அட்மினா நீங்கள்? பாதுகாப்பு வேலையை இப்படித் தொடங்குங்கள்

பெங்களூரில் சின்னக் கம்பெனிகளின் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்பவர்களில் நம் ஆட்கள் நிறைய. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் பக்கம் டிப்ளமோவோ பிசிஏவோ முடித்துவிட்டு வந்து, எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்வதில் ஆரம்பித்து, இன்று பீன்யாவிலோ கோரமங்களாவிலோ ஐம்பது பேர் வேலை பார்க்கும் ஓர் ஆபீஸுக்கு முழுப் பொறுப்பாக நிற்பவர்கள். பிரின்டர், வைஃபை, டேலி, மெயில், சிசிடிவி எல்லாமே ஒரே ஆள் தலையில். அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனியில் பாதுகாப்புக்குத் தனி டீம் இருக்கும், இரவு ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க ஆள் இருக்கும். உங்கள் ஆபீஸில் அந்த டீம் நீங்கள்தான், யாரும் அப்படிச் சொல்லி உங்களுக்கு ஆர்டர் தந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நீங்கள்தான். விலை உயர்ந்த ஒரு ஃபயர்வால் வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். யாருக்கு எந்த அனுமதி, எது பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) ஆகவில்லை, நேற்றைய பேக்கப் திறக்குமா என்று நாம் தினமும் பார்க்கும் சாதாரண அட்மின் வேலையில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் உங்கள் சொந்தக் கணக்கு

உள்ளே புகுந்தவன் கணக்காளரின் லேப்டாப்போடு நிற்க மாட்டான். அவன் தேடுவது உங்கள் பாஸ்வேர்டை. டொமைன் அட்மின் கணக்கு, அதாவது ஆபீஸின் எல்லா மெஷினையும் ஆளும் கணக்கு, கைக்கு வந்துவிட்டால் ஆன்டி-வைரஸை நிறுத்தலாம், பேக்கப்பை அழிக்கலாம், ஆபீஸில் உள்ள எல்லா மெஷினையும் ஒரே இரவில் பூட்டலாம். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பாஸ்வேர்டுகளைக் காப்பதே அவர்கள் தொழில். முக்கியமான சாவிகள் நான்கே நான்கு எஞ்சினியர்களிடம் இருந்தன. அதில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு மீடியா சாஃப்ட்வேரின் ஓட்டை வழியாகப் புகுந்து, கீலாகர் (தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் மால்வேர்) வைத்து, அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டார்கள்.

எனவே இன்றே உங்களுக்கு இரண்டு கணக்கு வையுங்கள். மெயில் பார்க்க, பிரவுசர் திறக்க, வெண்டர் அனுப்பிய பிடிஎஃப் படிக்க ஒன்று. அதற்கு எந்த அட்மின் உரிமையும் வேண்டாம். சர்வர் வேலைக்கு மட்டும் இன்னொன்று. இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு: நீங்கள் ஒரு விண்டோஸ் மெஷினில் டொமைன் அட்மினாக லாகின் செய்தால், அந்த லாகின் விவரம் அந்த மெஷினின் மெமரியில் தங்குகிறது, ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும் மால்வேர் அதை உருவிக்கொள்ள முடியும். ரிசப்ஷன் மெஷினில் பிரின்டர் டிரைவர் போட டொமைன் அட்மினைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்வது இதனால்தான். அதற்கு அந்தந்த மெஷினின் லோக்கல் அட்மின் போதும். அந்த லோக்கல் பாஸ்வேர்டும் எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்கக் கூடாது. மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் (LAPS) வசதி, ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி பாஸ்வேர்டை அதுவாகவே போட்டு அதுவாகவே மாற்றும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து அது விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது, தனியாகக் காசு கிடையாது.

மெயில் அட்மின், கிளவுட், விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான பாதை) எல்லாவற்றுக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்து இரண்டாம் பூட்டு போடுங்கள். கம்பெனியின் டொமைன் பெயர் (வெப்சைட், மெயில் முகவரியில் வரும் பெயர்) பதிவாகியிருக்கும் கணக்கை மறந்துவிடாதீர்கள். சின்ன ஆபீஸ்களில் அது பல வருடத்துக்கு முன் வெப்சைட் செய்து கொடுத்தவரின் சொந்த மெயில் ஐடியில் கிடக்கும். அவர் கணக்கு போனால் உங்கள் மெயில் முழுக்க இன்னொருவன் கைக்குப் போய்விடும். பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் இன்று மாலைக்குள் கீபாஸ், பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளியின் லாக்கரில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது ஏதாவது நடந்தால் அந்த உறைதான் ஆபீஸைத் திறக்கும்.

என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு ஷீட் போதும். மெஷின் பெயர், ஐபி, என்ன ஓஎஸ், யார் கையில் இருக்கிறது, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது. கம்ப்யூட்டர்களோடு நிற்காதீர்கள், டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி), பயோமெட்ரிக் பெட்டி, வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், யுபிஎஸ்ஸின் நெட்வொர்க் கார்டு, ஏசியைக் கட்டுப்படுத்தும் பெட்டி எல்லாமே உங்கள் நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன, பெரும்பாலும் தயாரித்தவர்கள் வைத்து அனுப்பிய அதே பாஸ்வேர்டோடு. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, ஆகவே அந்த மெஷின்களை ஷீட்டில் தனி நிறத்தில் காட்டுங்கள்.

ஷீட் தயாரானதும் அதை வைத்து நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். கேமராவும் பயோமெட்ரிக்கும் ஒரு விலேனில் (VLAN, ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), விருந்தினர் வைஃபை வேறொன்றில், சர்வர்கள் தனியாக. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர்) புகுந்து, ஐந்து சர்வர்களில் ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை நாள்கணக்கில் கையால் எழுத வேண்டி வந்தது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததுதான் காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கே இது என்றால், ஒரே ஸ்விட்ச்சில் எல்லாவற்றையும் செருகி வைத்திருக்கும் நம் ஆபீஸை யோசித்துப் பாருங்கள்.

டேலிக்காகத் திறந்த அந்தப் போர்ட்

நம் ஊர் ஆபீஸ்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆடிட்டர் வீட்டிலிருந்தே டேலி பார்க்க வேண்டும் என்பார். யாரோ ஒருவர் ரவுட்டரில் 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல்) நேராக டேலி சர்வருக்குத் திறந்துவிட்டிருப்பார். பாஸ்வேர்டு டேலி@123 மாதிரி ஏதாவது ஒன்று. அந்தப் போர்ட் திறந்த சில மணி நேரத்திலேயே உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, திறந்த போர்ட்டைத் தேடும் ஸ்கேனர் மென்பொருள் வந்து தட்டும், அப்புறம் நிறுத்தாமல் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். 3389க்குப் பதில் வேறு எண் வைத்துவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஸ்கேனருக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஆபீஸ் வைஃபையை விட்டு வெளியே வந்து, மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து, உங்கள் ஆபீஸின் பப்ளிக் ஐபியை, திறந்த போர்ட்டுகளைக் காட்டும் என்மேப் கருவியில் ஸ்கேன் செய்யுங்கள். ஷோடான் தளத்திலும் அதே ஐபியைத் தேடிப் பாருங்கள், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உங்கள் ஆபீஸ் எப்படித் தெரிகிறது என்று அது காட்டும். 3389, 445 (ஃபைல் ஷேரிங் போர்ட்), டிவிஆரின் வெப் பக்கம், ஃபயர்வாலின் அட்மின் பக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் இன்றே மூடுங்கள். ஆடிட்டருக்கு வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் வைத்துக் கொடுங்கள். மென்பொருள் இலவசம், ஒருமுறை நேரில் உட்கார்ந்து காட்டினால் பழகிக்கொள்வார். தொலைவிலிருந்து மெஷினை இயக்கும் எனிடெஸ்க்கை நிரந்தர பாஸ்வேர்டு போட்டு எந்நேரமும் திறந்து வைத்திருக்கும் மெஷின்களையும் இதே கணக்கில் சேருங்கள்.

பேட்ச் எப்போது போடுவது

வானாக்ரை ரேன்சம்வேர் 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆகவே ஒரு ஒழுங்கு வையுங்கள்: மைக்ரோசாஃப்டின் பேட்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அது இரவு. புதன்கிழமை உங்கள் மெஷினிலும், குறை சொன்னால் பொறுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று பேர் மெஷினிலும் போடுங்கள். பிரச்சினை இல்லையென்றால் வார இறுதிக்குள் மற்ற எல்லாருக்கும். ஜிஎஸ்டி வேலை நடக்கும்போது கணக்குப் பிரிவு மெஷினை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், அதற்கு முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். ஒருமுறை அவர்கள் வேலை கெட்டால் அடுத்த வருடம் முழுக்க அப்டேட்டை எதிர்ப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட முடியாதபோது எதை முதலில் போடுவது என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா (CISA), உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலை 2021 முதல் வெளியிட்டு வருகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் ஷீட்டில் உள்ள ஏதாவது அதில் வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். குறிப்பாக ஃபயர்வாலும் விபிஎன் பெட்டியும். வெளி உலகத்தைப் பார்த்து நிற்பவை அவைதான், ஆனால் அவற்றின் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருக்கும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றதும், நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதியதும் நினைவிருக்கும். அன்று பலர் தவித்தது, டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீ இல்லாமல். கீ எல்லாம் சர்வரில் இருந்தது, சர்வரே நீலத் திரையில் இருந்தது. உங்கள் மெஷின்களின் ரெகவரி கீயைப் பிரின்ட் எடுத்து அந்த லாக்கர் உறையோடு வையுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்கள்

பெங்களூரில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எச்ஆர் உங்களுக்குச் சொல்வது கடைசி நாள் மாலையில், சில சமயம் அடுத்த மாதம். எச்ஆரின் எக்சிட் ஃபாரத்தில் உங்கள் கையெழுத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் கடைசிச் சம்பளம் கணக்குக்குப் போகாது என்று ஆக்கிவிட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்தது. தாக்கியவர்கள் உள்ளே நுழைந்தது யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக, அதில் இரண்டாம் பூட்டும் இல்லை. மாதம் ஒருமுறை, 45 நாளாக லாகின் ஆகாத கணக்குகளைப் பட்டியலெடுத்து முடக்குங்கள். அழிக்க வேண்டாம், முடக்கினால் போதும். தேவைப்பட்டவர் போன் செய்வார்.

பேக்கப்

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கே என்று கேட்டால், சர்வரிலேயே இன்னொரு டிரைவாக மேப் செய்த நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த ஸ்டோரேஜ்) பெட்டியைக் காட்டுவார்கள். ரேன்சம்வேர் அந்த டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும், விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் பழைய பிரதியான ஷேடோ காப்பியையும் முதல் வேலையாக அழித்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரியானதே. அதோடு ஒன்று சேருங்கள்: ஒரு பிரதியாவது எந்த நெட்வொர்க்கிலும் இல்லாமல் துண்டாகக் கிடக்க வேண்டும். இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் போட்டு, ஒன்றை எப்போதும் ஆபீஸுக்கு வெளியே வையுங்கள், என்கிரிப்ட் செய்து. வெளியே என்றால் உண்மையிலேயே வேறு பகுதியில். 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை ஆபீஸ் வளாகங்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் பேஸ்மென்ட்டில் டிஸ்க் வைக்க மாட்டார்கள்.

பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி யூசர், தனி பாஸ்வேர்டு. கிளவுடில் வைத்தால், குறிப்பிட்ட நாள் வரை நீங்களே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற மால்வேர் பரவியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முழுக்கப் படுத்தது, மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. அவர்களிடம் சர்வர் பேக்கப் நிறைய இருந்தது, ஆனால் டொமைன் கன்ட்ரோலருக்கு (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்) மட்டும் உருப்படியான ஒரு பேக்கப் இல்லை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்று ஒன்றையொன்று நம்பியிருந்தார்கள், எல்லாமே ஒரே நேரத்தில் போய்விட்டன. கானா நாட்டு ஆபீஸில் கரண்ட் போயிருந்ததால் ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் மட்டும் தப்பியது, அதை வைத்துத்தான் மொத்த நெட்வொர்க்கையும் எழுப்பினார்கள். உங்கள் டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ஸ்விட்ச், ஃபயர்வால் கான்ஃபிக் ஃபைல்களும் அதே டிஸ்கில் இருக்கட்டும்.

அப்புறம் ரெஸ்டோர். வாரம் ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள், டேலி டேட்டாவை வேறு மெஷினில் ஏற்றி கணக்காளரையே கூப்பிட்டு நேற்றைய வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழு சர்வரைப் பழைய மெஷினில் எழுப்பிப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். எத்தனை மணி நேரத்தில் ஆபீஸ் திரும்ப ஓடும் என்று முதலாளி ஒருநாள் கேட்பார், அந்த எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

லாக்: காலையில் பதினைந்து நிமிடம்

2022 ஏப்ரல் 28 அன்று நம் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) வெளியிட்ட உத்தரவைப் பல அட்மின்கள் படித்ததே இல்லை. லாக்கை (மெஷினில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவை) 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், சிஸ்டங்களின் கடிகாரத்தை என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைக்க வேண்டும். நாங்கள் சின்னக் கம்பெனி என்று தப்ப முடியாது, சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசம் 2022 செப்டம்பர் 25 அன்றே முடிந்தது.

விண்டோஸின் செக்யூரிட்டி லாக் அளவு வழக்கமாக 20 எம்பிதான். கொஞ்சம் பரபரப்பான சர்வரில் பழைய பதிவுகள் சீக்கிரமே அழிந்துவிடும், 180 நாளெல்லாம் கனவு. அளவைக் கூட்டுங்கள், லாக்கை வேறொரு மெஷினுக்கு அனுப்புங்கள். லாக்கைச் சேர்த்து வைத்துக் கண்காணிக்கும் வாஸு (Wazuh) மென்பொருள் இலவசம். ஒரு பழைய சர்வரில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். வெளியே அனுப்புவது ஏன் முக்கியம் என்றால், உள்ளே வந்தவன் கிளம்பும்போது லாக்கைத் துடைத்துவிடுவான்.

தினமும் காலையில் பார்க்க வேண்டியது விண்டோஸ் லாக்கில் வரும் சில நிகழ்வு எண்கள்தான். 4625 தோற்ற லாகின், 4624 வெற்றி பெற்ற லாகின். ஒரே ஐபியிலிருந்து நூற்றுக்கணக்கில் 4625 வந்து கடைசியில் ஒரு 4624 இருந்தால் எழுந்து நில்லுங்கள். 4720 புதுக் கணக்கு, 4732 ஒரு கணக்கை லோக்கல் குரூப்பில் சேர்த்தது, 7045 புது சர்வீஸ் நிறுவியது. நீங்கள் செய்யாத ஒன்று இவற்றில் இருந்தால் யார் செய்தது என்று அன்றே கேளுங்கள். 1102 என்றால் யாரோ லாக்கை அழித்திருக்கிறார்கள், அதற்கு நல்ல காரணம் இருப்பது அபூர்வம். டிவிஆர் கடிகாரத்தையும் சரி செய்யுங்கள், சர்வர் ரூமுக்குள் யார் போனது என்று பார்க்க வேண்டிய நாளில் இருபது நிமிடம் பிசகியிருந்தால் எதுவும் பொருந்தாது.

உங்கள் பெயரைச் சொல்லி வரும் போன்

2020 ஜூலையில் ட்விட்டரில் பிரபலங்களின் கணக்குகள் பிடிபட்டது பெரிய தொழில்நுட்ப வித்தையால் அல்ல. ஐடி ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் பிரச்சினையைச் சரி செய்யத்தான் கூப்பிட்டோம் என்று ஊழியர்களுக்கு போன் செய்தார்கள், அவ்வளவுதான். ஆபீஸில் எல்லாரிடமும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: நான் உங்கள் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ ஒருநாளும் கேட்க மாட்டேன், என் குரலிலேயே கேட்டாலும் கொடுக்காதீர்கள். மறுபக்கமும் உண்டு. "அண்ணா, சேல்ஸ்ல புதுசா சேர்ந்திருக்கேன், கிளையன்ட் முன்னாடி நிக்கிறேன், பாஸ்வேர்ட் கொஞ்சம் ரீசெட் பண்ணிக் கொடுங்க" என்று நல்ல தமிழில் போன் வரும். வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள எண்ணில் அவருடைய மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். முதலாளியே பேசினாலும் இதே வழிதான்.

தவறான லிங்கை அழுத்திவிட்டேன் என்று ஒருவர் வந்து சொன்னால் திட்டாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு மெஷினை நெட்வொர்க்கிலிருந்து எடுங்கள். ஒருவரைத் திட்டினால் அடுத்தவர் சொல்லாமல் மறைப்பார், உங்களுக்குத் தெரிய மூன்று நாள் ஆகும்.

நடந்துவிட்டால்

கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், ஆனால் மெஷினை ஆஃப் செய்யாதீர்கள். மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். பேக்கப் டிஸ்க் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பதற்றத்தில் பாதிக்கப்பட்ட மெஷினில் டொமைன் அட்மினாக லாகின் செய்து பார்க்க வேண்டாம், மேலே சொன்ன அதே காரணம். திரையை போனில் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று நோட்டில் கையால் எழுதுங்கள். உடனே ஃபார்மேட் போட்டு ஆபீஸை ஓட வைக்க எல்லாரும் நெருக்குவார்கள், அதற்கு இடம் கொடுத்தால் எப்படி வந்தான் என்று தெரியாமலே போய்விடும், அவன் அதே வழியில் திரும்பி வருவான். டிஸ்கை இமேஜ் (அப்படியே முழுப் பிரதி) எடுத்த பிறகு புதிதாக ஏற்றுங்கள். பாஸ்வேர்டுகளைச் சுத்தமான வேறொரு மெஷினிலிருந்து மாற்றுங்கள்.

முதலாளிக்குச் சொல்வது, செர்ட்-இன்னுக்கு அந்த 6 மணி நேரத்துக்குள் மெயில், பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், அப்புறம் பக்கத்து சைபர் போலீஸ் ஸ்டேஷன். பணம் பறிப்பவனோடு நீங்களாகப் பேசத் தொடங்காதீர்கள். பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வையுங்கள். நோ மோர் ரேன்சம் என்ற தளத்தில் யூரோப்போலும் மற்றவர்களும் சேர்ந்து பல வகை ரேன்சம்வேருக்குத் திறக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள், இன்று இல்லாத கருவி பின்னாளில் வரலாம். இந்த எண்கள், வெண்டர் எண், ஃபயர்வால் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) எண் எல்லாம் ஒரு தாளில் சுவரில் இருக்கட்டும், பூட்டிய சர்வருக்குள் இருந்து பயனில்லை.

முதலாளியிடம் எப்படிக் கேட்பது

இதற்கெல்லாம் கொஞ்சம் பணமும் கொஞ்சம் ரீஸ்டார்ட் நேரமும் வேண்டும், இரண்டுக்கும் மேலே சம்மதம் வாங்க வேண்டும். மிரட்டிப் பேசாதீர்கள். டேலி மூன்று நாள் நின்றால் எத்தனை இன்வாய்ஸ் போகாது என்று அவருக்கே தெரியும், அதைக் கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். தனிப்பட்ட தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும் காட்டுங்கள். பத்து விஷயம் கேட்காதீர்கள். இரண்டு யுஎஸ்பி டிஸ்க், விலேன் போடக்கூடிய ஒரு ஸ்விட்ச், மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், இந்த மூன்றையும் விலையோடு மெயிலில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் அதே மெயிலுக்கு மேலேயே இன்னொன்று அனுப்புங்கள், அந்த மாதம் லாக்கில் பார்த்த 4625 எண்ணிக்கையையும் சேர்த்து.